பல வருடம் நின்ற கார்பரேட்டர் காரை ஸ்டார்ட் செய்வது: முழுமையான வழிகாட்டி

சென்னை மேற்கு மாம்பலத்தில் பெரியப்பா வீட்டு ஷெட்டில் ஒன்பது வருடம் நின்ற பிரீமியர் பத்மினியில் எனக்கு இந்த வேலை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு தெரிந்தவர்களின் அம்பாசிடர், ஹெரால்டு என்று நான்கைந்து கார்களுக்குக் கூட நின்று செய்திருக்கிறேன். புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் வேலையாகப் புது பேட்டரி வாங்கி வந்து, மாட்டி, சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். "ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் செலவு பண்ணலாம்" என்பது அவர்கள் கணக்கு.

அந்த ஒரு திருப்பலில் துருப்பிடித்த சிலிண்டரில் பிஸ்டன் ரிங் உடையலாம், ஒட்டிக்கொண்ட வால்வு தன்னைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை வளைத்துவிடலாம், எலி கடித்த ஒயர் புகையலாம். இன்ஜினைக் கிளப்பச் சாவியைத் திருப்புவது கீழே ஒன்பதாவது படியில்தான் வருகிறது. நான்கு சிலிண்டர், புஷ் ராடு இன்ஜின் உள்ள கார்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பழைய மாருதி 800க்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்கவேண்டியவை

குறைந்தது இரண்டு முழு நாள், நடுவில் ஓர் இரவு இடைவெளி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் அவசரத்தில்தான் தப்பு நடக்கும்.

பொடி வகைத் தீயணைப்பான் ஒன்று அவசியம். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பரவத்தான் செய்யும். ஜாக்கியோடு, காரைத் தாங்க ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை நான்கு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

பிளக் ஸ்பானர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், உப்புத்தாள், 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று, இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் ஆயில், பெட்ரோல் ஹோஸ், ஹோஸ் கிளிப், உள்ளே தெரிகிற சின்ன பெட்ரோல் ஃபில்டர். ஜி.பி. ரோட்டில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். பழைய சாமான் என்றால் புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றவேண்டும். போகும்போது கழற்றிய பழைய சாமானைக் கையில் கொண்டு போங்கள். பெட்ரோல் பம்பின் ரப்பர் தகட்டை "பத்மினிக்கு டயாப்ரம்" என்று வாயால் கேட்டு வாங்கி வந்து, துளை பொருந்தாமல் நான் இரண்டு முறை திரும்பிப் போயிருக்கிறேன்.

பெட்ரோலுக்கு மூடியுள்ள இரும்பு கேன். பல பங்குகளில் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றமாட்டார்கள். அது நல்லதுதான்.

கடைசியாக, கூட ஒரு ஆள். ஒருவர் உள்ளே உட்கார, ஒருவர் பானெட்டைப் பார்க்கவேண்டும்.

2. சுற்றிப் பாருங்கள், எதையும் திருப்பாதீர்கள்

தார்ப்பாயை எடுத்ததும் முதலில் தரையைப் பாருங்கள். காருக்கு அடியில் கறை எங்கே இருக்கிறதோ அங்கே ஏதோ ஒழுகியிருக்கிறது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரக்கறை என்றால் பிரேக்கின் வீல் சிலிண்டர். நடுவில் கறுப்பு என்றால் ஆயில் சம்ப் அல்லது கியர் பாக்ஸ். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடிய பிறகு விழும் புதுக் கறையோடு ஒப்பிட அது உதவும்.

அடுத்து எலி. சென்னையில் நின்ற காரில் எலி குடியேறாமல் இருந்தால் அதிசயம். பத்மினியின் ஏர் ஃபில்டரைத் திறந்தபோது உள்ளே தேங்காய் நார், வேர்க்கடலைத் தோல், சீட்டு பஞ்சு, அதற்கு நடுவே மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகையின் மூலை. இதெல்லாம் அப்படியே இருக்க இன்ஜினைச் சுற்றியிருந்தால் நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டருக்குள் போயிருக்கும். ஏர் ஃபில்டர், ஹீட்டர் குழாய், டைனமோவின் பின்பக்கம், சைலன்சர் வாய் எல்லாம் பாருங்கள். சைலன்சரில் குளவி கூடு கட்டியிருக்கும். ஒரு கம்பியை விட்டுத் துழாவி எடுங்கள். சீட்டுக்கு அடியில் கையை விடுவதற்கு முன் டார்ச் அடியுங்கள். காரணம் சொல்லவேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: 2015 டிசம்பர் வெள்ளத்திலோ, 2023 மிக்ஜாம் மழையிலோ தண்ணீரில் மூழ்கி, அதற்குப் பிறகு தொடாமல் நிற்கிற கார் என்றால் இந்த வழிகாட்டி போதாது. சிலிண்டர், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றிலும் தண்ணீர் போயிருக்கும். எல்லாம் திறந்து பார்க்கவேண்டிய கேஸ் அது.

3. பழைய பெட்ரோலை முழுசாக வெளியேற்றுங்கள்

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனைக்குப் பதில் பழைய வார்னிஷ் மாதிரி காட்டமாக அடித்தால் அது கெட்டுவிட்டது. பெட்ரோல் சில மாதங்களிலேயே எளிதாக ஆவியாகும் பகுதியை இழந்துவிடும். மீதி கோந்தாகி, கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். "புது பெட்ரோல் மேலே ஊற்றினால் கலந்து சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அடியில் இருக்கிற துருவும் கோந்தும்தான் முதலில் லைனுக்குள் போகும்.

டேங்கின் வடிகால் நட்டைக் கழற்றி வடியுங்கள். நட்டு துருப்பிடித்து வராவிட்டால் அடித்து உடைக்காமல், டேங்கையே இறக்கிவிடுவது நல்லது. இறக்கி, புது பெட்ரோல் கொஞ்சம் விட்டுக் குலுக்கி, கறுப்பாக வருவது நிற்கும்வரை அலசுங்கள். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பூஜை விளக்கு, பீடி, போர் மோட்டார் சுவிட்ச் எதுவும் கூடாது. வடித்ததைச் சாக்கடையில் ஊற்றவேண்டாம். மூடிய கேனில் வைத்து, தெரிந்த வொர்க்‌ஷாப்பில் கேட்டு ஒப்படையுங்கள்.

பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து இளக்கிவிடும். அதோடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஹோஸ் வாங்கும்போது மேலே ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது எத்தனாலைத் தாங்கும்.

மெக்கானிக்கல் பம்ப் என்றால் டயாப்ரமைப் பாருங்கள். கிழிந்த டயாப்ரம் வழியாகப் பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை இழுத்து முகர்ந்தால் தெரிந்துவிடும்.

இந்தப் படியின் முடிவில் டேங்க் காலி, பம்புக்கு வரும் லைன் கழன்று இருக்கவேண்டும். புது பெட்ரோல் இப்போது ஊற்றாதீர்கள். ஏன் என்பது ஏழாவது படியில்.

4. இன்ஜினைக் கையால் சுற்றுங்கள்

இந்த வேலையில் பொறுமை அதிகம் தேவைப்படுவது இங்கேதான்.

பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றியுள்ள குழியைக் காற்றடித்து, பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். இதை விட்டுவிட்டுக் கழற்றினால், அங்கே தேங்கிய மண் நேராகச் சிலிண்டருக்குள் விழும். பிளக் ஒயர்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டுங்கள். பத்மினி, அம்பாசிடர் இரண்டுக்கும் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் ஸ்பார்க் விழும் வரிசை, 1-3-4-2. ஒயரை மாற்றி மாட்டிவிட்டு ஒரு பகல் முழுக்க கார்பரேட்டரைத் திட்டிய ஆட்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு மேஜைக்கரண்டி அளவு, இன்ஜின் ஆயிலும் டீசலும் பாதிப் பாதி கலந்து விடுங்கள். ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இறங்கி ஊறவேண்டும். அதற்கு ஓர் இரவு வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் நின்றது என்றால் இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு, முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். பழைய கார்களில் ஹாண்டில் இருந்தால் இன்னும் வசதி. ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கவேண்டும், சுற்றி மடக்கக்கூடாது. கீழிருந்து மேலாக இழுக்கவேண்டும், மேலிருந்து அழுத்தக்கூடாது. பிளக் இல்லாதபோது ஹாண்டில் திருப்பி அடிக்காதுதான். ஆனால் இப்போது பழகும் பிடிதான் நாளைக்கும் வரும், தப்பாகப் பழகினால் அப்போது மணிக்கட்டு போகும்.

சுற்றவில்லையா? ஸ்பானருக்குப் பைப் மாட்டி ஏறி நிற்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு ஆட்டிப் பாருங்கள், மறுபடி ஆயில் விடுங்கள், மறுநாள் வாருங்கள். பத்மினி மூன்றாம் நாள் காலையில்தான் அசைந்தது. பழைய கதவைத் திறப்பது மாதிரி ஒரு முனகல், அப்புறம் ஒரு அங்குலம். ஒரு வாரம் ஊறியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றவேண்டியதுதான். அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சுற்றியதும் சந்தோஷத்தில் அடுத்த படிக்குத் தாவாதீர்கள். வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரைத் திறந்து, ஒருவர் சுற்ற, ஒருவர் எட்டு வால்வும் கீழே போய் மேலே வருகிறதா என்று பாருங்கள். போன வால்வு திரும்பி வராமல் நின்றால் அது ஒட்டியிருக்கிறது. அதன் தண்டில் டீசல் விட்டு, மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் விடும்.

5. ஆயில், தண்ணீர்

பழைய ஆயிலை வடிக்கும்போது முதலில் விழுவதைக் கவனியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அதனால் அடியில் தங்கி அதுதான் முதலில் வரும். இரண்டு மூன்று சொட்டு என்றால் காற்றின் ஈரம். ஒரு டம்ளர் என்றாலோ, ஆயில் காப்பி நிறத்தில் கலங்கியிருந்தாலோ ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

20டபிள்யூ50 ஆயில், புது ஃபில்டர். விலை உயர்ந்த சிந்தெடிக் இப்போது வேண்டாம், இந்த ஆயிலை எப்படியும் சீக்கிரம் வடிக்கப்போகிறோம்.

ரேடியேட்டரில் முதலில் வெறும் தண்ணீர். எங்கே ஒழுகும் என்று தெரியாதபோது கூலன்ட்டைத் தரையில் கொட்டவேண்டாம். ஹோஸை விரலால் அழுத்துங்கள்; சப்பாத்தி மாவு மாதிரி இருந்தாலும், அப்பளம் மாதிரி இருந்தாலும் மாற்றவேண்டும். ஃபேன் பெல்ட்டையும் அப்படியே.

6. பேட்டரிக்கு முன் ஒயரிங்

பேட்டரியை மாட்டுவதற்கு முன் அதன் எந்த முனை பாடியில் சேருகிறது என்று பாருங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல இங்கிலாந்து வடிவக் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். இன்றைய பழக்கத்தில் நெகட்டிவை பாடிக்குக் கொடுத்தால் டைனமோவும் ரெகுலேட்டரும் கெடலாம்.

கண்ணுக்குத் தெரியும் கடித்த ஒயர்களை முதலில் சரிசெய்யுங்கள். தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான் அந்த 21 வாட் பல்பு. எல்லா சுவிட்சும் ஆஃப். எர்த் ஒயரை பேட்டரியில் நேராக மாட்டாமல், நடுவில் பல்பை வைத்து மாட்டுங்கள். பல்பு எரியாவிட்டால் நல்லது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அணைகிறதோ அந்த லைனில் கோளாறு. உருவியும் அணையாவிட்டால் ஃபியூஸ் இல்லாமல் போகும் ஒயர்களைத் தேடவேண்டும். ஷார்ட் இருந்தால்கூடக் கரண்ட் பல்பைத் தாண்டிப் பெரிதாக ஓடமுடியாது, அதனால் ஒயர் புகையாது. ஒரு சின்ன பல்பு செய்யும் வேலை இது.

ஷார்ட் இல்லை என்று தெரிந்த பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராக மாட்டுங்கள். டெர்மினலையும், எர்த் ஒயர் பாடியில் சேருமிடத்தையும் உப்புத்தாளால் வெள்ளையாகத் தேயுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் நின்ற கார்களில் "செல்ஃப் எடுக்கவில்லை" என்று கூப்பிட்டதில் பாதி, இந்த எர்த் துருதான்.

7. பிளக் இல்லாமல் செல்ஃப்: ஆயில் பிரஷர், அப்புறம் ஸ்பார்க்

பிளக் இன்னும் வெளியே. ஸ்பார்க்குக்கான ஹை வோல்டேஜை உண்டாக்கும் காயிலிலிருந்து, அதை நான்கு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றுங்கள். செல்ஃபைப் பத்து விநாடி அடித்து, அரை நிமிடம் விடுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் இன்ஜின் லேசாகச் சுற்றும், பேரிங் மேல் பளு விழாது, ஆயில் மேலே ஏற நேரம் கிடைக்கும். ஆயில் லைட் அணையவேண்டும், ராக்கரில் ஆயில் கசிவது கண்ணுக்குத் தெரியவேண்டும். ஐந்தாறு முறை அடித்தும் வராவிட்டால் நிறுத்துங்கள். ஆயில் பம்ப் காய்ந்து உறிஞ்சாமல் இருக்கும், அதற்கு ஆயில் ஊட்டவேண்டும்.

இப்போது ஸ்பார்க். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்சுதான் பாயின்ட். அதன் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய், பிறகு சுத்தமான விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இழுங்கள். தேய்த்த தூள் இருந்தால் மறுபடி கருகும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இடைவெளி சுமார் 0.38 மி.மீ., அதாவது 15 தௌ (ஒரு தௌ, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிளக் இடைவெளி பொதுவாக 25 தௌ. ரோட்டர், மூடி இரண்டிலும் முடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

கழற்றிய மெல்லிய ஒயரை மாட்டி, ஒரு பிளக்கை அதன் ஒயரில் சொருகி, பிளக்கின் உடல் இன்ஜின் இரும்பில் படும்படி வையுங்கள். கையில் பிடிக்கவேண்டாம். செல்ஃப் அடித்தால் நீல ஸ்பார்க் டக் டக்கென்று விழவேண்டும். மஞ்சளாக, சோர்ந்து விழுந்தால் கன்டென்சரை மாற்றிப் பாருங்கள். இப்படி நான்கு ஒயரிலும்.

மூன்றாவது படியில் பெட்ரோல் ஊற்றவேண்டாம் என்றது இதற்குத்தான். திறந்த ஸ்பார்க்கும் பெட்ரோல் ஆவியும் ஒரே பானெட்டுக்குள் சந்திக்கக்கூடாது.

சாவியை ஆனில் வைத்தபடி டீ குடிக்கப் போகாதீர்கள். பாயின்ட் மூடியிருந்தால் காயில் சூடாகி எரிந்துவிடும்.

8. கார்பரேட்டர்

மேல்மூடியைத் திறந்தால், பெட்ரோல் தேங்கும் அறையான ஃப்ளோட் சேம்பரின் அடியில் பச்சையாகவோ பழுப்பாகவோ பொடி இருக்கும். துடைத்தால் போதாது. மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் இரண்டையும் கழற்றி, கார்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரியவேண்டும். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, துளையின் அளவு மாறினால் அந்தக் கார் கடைசிவரை பெட்ரோல் குடிக்கும்.

அந்த அறையில் மிதக்கும் ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. எஸ்.யு. வகைக் கார்பரேட்டர் என்றால் பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று தானாக இறங்கவேண்டும், மேலே ஆயில் இருக்கவேண்டும்.

மாட்டிய பிறகு ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து விடுங்கள். கேபிள் துருப்பிடித்து, காற்றை விடும் தகடான பட்டர்ஃபிளை திறந்தே நின்றால், ஸ்டார்ட் ஆன நொடியில் இன்ஜின் அலறும். இதைப் பார்க்காமல் யாரும் ஒன்பதாவது படிக்குப் போகவேண்டாம்.

9. இப்போது சாவி

பிளக்குகளை மாட்டுங்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, கியர் நியூட்ரல். ஷெட் கதவு முழுசாகத் திறந்திருக்கவேண்டும். அபார்ட்மென்ட் கார் பார்க்கிங் என்றால் காரை முடிந்தவரை வெளியே தள்ளி வையுங்கள். மூடிய இடத்தில் சைலன்சர் புகை ஆளைக் கொல்லும், அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

டேங்கில் ஐந்து லிட்டர் புது பெட்ரோல், லைனில் புது ஃபில்டர். பம்பில் கை லீவர் இருந்தால் அதை அடித்து ஃப்ளோட் சேம்பரை நிரப்புங்கள். ஹோஸ் இணைப்புகளில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகு ஏர் ஃபில்டரை மாட்டுங்கள்.

கார்பரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொல்கிற பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. கே.கே. நகரில் நண்பர் வீட்டு அம்பாசிடருக்கு அப்படி ஒருவர் பாட்டிலால் ஊற்றினார். ஒரு பேக்ஃபயர். தீ அவர் கையிலிருந்த பாட்டிலுக்கே ஏறியது. அவர் பாட்டிலை உதறினார், அது பானெட்டுக்குள் விழுந்தது. தீயணைப்பான் இருந்ததால் பெயின்ட் கொப்பளித்ததோடும், எனக்கு ஒரு புருவம் போனதோடும் முடிந்தது.

காற்றைக் குறைக்கும் சோக்கை முழுசாக இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், பத்து விநாடி செல்ஃப். ஒரு நிமிடம் விடுங்கள். மறுபடி. ஐந்து முறைக்குள் ஒரு இருமலாவது வராவிட்டால் நிறுத்தி, பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் இருப்பதுதான் ஏற்கெனவே தெரியுமே.

பிடித்துக்கொண்டதும் எல்லோரும் கை தட்டுவார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கண் ஆயில் லைட்டில் மட்டும் இருக்கட்டும். பத்து விநாடிக்குள் அணையாவிட்டால் உடனே சாவியை ஆஃப் செய்யுங்கள். ரேஸ் கொடுக்காதீர்கள், கொஞ்சம் உயர்ந்த ஸ்லோ ஸ்பீடே போதும்.

முதல் சில நிமிடம் நீலமும் வெள்ளையுமாகப் புகை கொட்டும். நாம் ஊற்றிய ஆயிலும் டீசலும்தான் எரிகிறது, பக்கத்து வீட்டு மாமிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால்தான் கவலை.

வெளியே நிற்பவர் பெட்ரோல் ஒழுகல், தண்ணீர் ஒழுகல், சூடு மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அல்டர்னேட்டர் உள்ள காரில் மல்டிமீட்டரில் பேட்டரி முனையில் 14 வோல்ட் அருகே காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. சூடானதும் நிறுத்தி, முழுசாக ஆறவிட்டு, ஆயிலும் தண்ணீரும் மறுபடி அளந்து பாருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவேண்டாம்.

10. நகர்த்துவதற்கு முன் பிரேக்

ஓடுகிற இன்ஜினைக் கேட்டதும் கை துறுதுறுக்கும். தெருவை ஒரு சுற்று சுற்றிவரலாம் என்று தோன்றும். அந்தக் காலத்துக் கார்களில் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். எங்காவது ஒரு வாஷர் விட்டால் நான்கும் போய்விடும்.

நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். வீல் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் தெரியும். தெரிந்தால் கிட் மாற்றவேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய ஈரம் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும், கொதிநிலையையும் குறைக்கும். அதனால் பழையதை முழுசாக வெளியேற்றிவிட்டுப் புதியது ஊற்றி, லைனிலிருக்கும் காற்றை எடுங்கள். ரப்பர் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே ஊதி அடைத்திருக்கும், மிதித்த பிரேக் விடாது.

கடைசியாகப் பெடலை அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கினால், பெடலின் அழுத்தத்தை லைனுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருடம் 23ஆவது வாரம். பத்து வருடம் தாண்டியது என்றால் தேயாமல் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள்.

11. முதல் நகர்வு

கிளட்சை மிதித்தும் கியர் விழாமல் கரகரத்தால், கிளட்ச் பிளேட் இன்ஜினின் ஃபிளைவீலில் ஒட்டியிருக்கிறது. இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். முன்னால் ஆளில்லாத நீளமான இடத்தில், டாப் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி இரண்டு மூன்று பேர் முன்னும் பின்னும் ஆட்டித் தள்ளினால் பெரும்பாலும் விடும்.

முதலில் வீட்டு காம்பவுண்டுக்குள் பத்தடி முன்னே, பத்தடி பின்னே. ஒவ்வொரு முறையும் பிரேக். அப்புறம்தான் தெரு. அதற்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். தனியார் கார் 15 வருடம் தாண்டினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும், நின்ற வருடங்களில் அது காலாவதியாகியிருக்கும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் அப்படியே. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இழுவை வண்டியில் போவது அவமானம் இல்லை.

காகிதம் சரியானால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வீட்டிலிருந்து நடந்து திரும்பக்கூடிய தூரம் மட்டும். டிக்கியில் தண்ணீர் கேன், பாயின்ட் செட், ஃபியூஸ், ஒரு ஃபேன் பெல்ட். ஃபில்டரில் பழுப்பு சேருகிறதா என்று திரும்பி வந்ததும் பாருங்கள். சேர்ந்தால் டேங்க் இன்னும் சுத்தமாகவில்லை. 200 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றிவிடுங்கள். ஈ.சி.ஆர். பயணமெல்லாம் அதற்கு அப்புறம். பத்மினி முதல் நாள் அயோத்தியா மண்டபம் வரை போய், திரும்பும்போது ஃபில்டர் அடைத்து ஆரிய கௌடா ரோட்டில் நின்றது. இரண்டு பேர் தள்ளினோம்.